கண்ணை மூடிக்கொண்டு வீடு பார்த்தவர்

அவர் முதலில் கட்டிலில் படுத்துப் பார்ப்பார்.

அதற்கு முன் அறையில் இருப்பவரிடம் கேட்பார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைப்பார். தோள்பையிலிருந்து ஒரு நீலத் துவாயை எடுத்துத் தலையணைமேல் விரிப்பார். பிறகு நேராகப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சிறிது நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே எழும்பி, சுவரைத் தடவித் தடவி அறையைவிட்டு வெளியேறி, மாடிப்படியில் இறங்கி, தெருக்கதவைத் திறந்து வெளியே போய் நின்ற பிறகுதான் கண்ணைத் திறப்பார். வழியில் காலில் தட்டுப்பட்டதெல்லாம் அவருடைய குறிப்பேட்டில் ஏறும்.

எங்கள் கவுன்சிலில், வாடகை வீடுகளைப் பார்த்து லைசென்ஸ் கொடுக்கும் பகுதியில் அவர் அதிகாரியாக இருந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். லண்டனில் ஒரு வீட்டை அறை அறையாகப் பிரித்து ஐந்தாறு பேருக்கு விடுவதென்றால் வீட்டுக்காரர் லைசென்ஸ் எடுக்கவேண்டும். அறை எவ்வளவு பெரிது, கதவு எவ்வளவு நேரம் நெருப்பைத் தாங்கும், புகை அலாரம் எங்கே இருக்கவேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு நடக்கச் சொல்லி மட்டும் எந்த விதியிலும் இல்லை. அது அவருடைய சொந்த ஏற்பாடு.

அவருடைய பெயரை அடையாள அட்டையில் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. ‘கவுன்சில் அக்கா’ என்றுதான் சொல்வோம். கோபமான நாட்களில் ‘அக்கா’ விழுந்துவிடும்.

நான் பஸ் ஓட்டுகிறவன். தோர்ண்டன் ஹீத்தில் குடியிருக்கிறோம். நானும் மனைவியும் இருபது வருடம் உழைத்து, இரண்டு தெரு தள்ளி இரண்டாவது வீடொன்றை வாங்கினோம். அதில் ஆறு பேர் வாடகைக்கு இருந்தார்கள். கீழே ஒருவர், மேலே மூன்று அறையில் மூன்று பேர், கூரையறையில் ஒரு புருஷன் பெண்சாதி. மேல்மாடியின் மூன்று அறைகளில் ஒன்று, படிக்கட்டுக்கு மேலே வரும் சின்ன அறை. ஒரு கட்டிலும் ஒரு கதிரையும் வைத்தால் நிற்க இடமில்லை. அதில் சிவநேசன் இருந்தான். முப்பத்தேழு முப்பத்தெட்டு வயது. ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை. சனிக்கிழமைகளில் பருப்புவடை சுட்டு வீடு முழுவதற்கும் கொடுப்பான். எங்கள் வீட்டுக்கும் ஒரு பை வரும்.

லைசென்ஸுக்கு நானே விண்ணப்பித்துத்தான் அவர் அந்த வாடகை வீட்டைப் பார்க்க வந்தார். நான் சான்றிதழ்களை எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தேன். வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். எனக்குச் சந்தோஷம். “கடதாசியிலை எல்லா வீடும் நல்ல வீடுதான்” என்று அடுத்ததாகச் சொன்னார். பிறகுதான் தெரிந்தது, அதை அவர் எல்லா வீட்டிலும் சொல்வார் என்று.

கூரையறையில் படுத்து எழும்பிக் கண்ணை மூடியபடி இறங்கி வந்தார். நான் பின்னால் வந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். முதல் மாடியில் யாரோ விட்டிருந்த துணி உலர்த்தும் கம்பியில் இடித்துக்கொண்டார். நின்று, கையால் அதன் நீளத்தைத் தடவிப் பார்த்து, சுற்றிக்கொண்டு இறங்கினார். தெருக்கதவுக்கு வந்ததும் பூட்டைத் தடவினார். அது உள்ளேயிருந்தும் திறப்புப் போட்டுத்தான் திறக்கவேண்டிய பூட்டு.

“திறப்பு எங்கை?” என்றார், கண்ணைத் திறக்காமலே.

“குசினியிலை. ஆணியிலை கொழுவியிருக்கு.”

“வீடு முழுக்கப் புகை நிக்கேக்கை ஆர் போய் ஆணியைத் தேடுறது?”

அவர் கண்ணைத் திறந்து எழுதத் தொடங்கினார். உள்ளேயிருந்து விரலால் திருகித் திறக்கும் பூட்டுப் போடவேண்டும். அது சின்ன வேலை, அன்று பின்னேரமே போட்டுவிட்டேன்.

பெரிய பிரச்சினை சிவநேசனின் அறை. பெரிய ஆள் ஒருவர் படுக்கும் அறை ஆறரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேலே இருக்கவேண்டும் என்பது விதி. அவர் அளவு நாடாவை என் கையிலேயே ஒரு முனை கொடுத்து அளந்தார். கட்டிலை நகர்த்திவிட்டு மறுபடியும் அளந்தார். போதவில்லை. ஒரு அலுமாரி வைக்கும் இடமளவுதான் குறைவு. நான் குரலைத் தணித்து, அக்கா, நீங்களும் எங்கடை ஆள்தானே, கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ என்றேன்.

“எங்கடை ஆள் எண்டபடியாத்தான் ரெண்டு தரம் அளந்தனான்” என்றார். “ரெண்டு தரமும் காணாது.”

இப்படித்தான் அவர். கோபமாகவும் சொல்லமாட்டார், மன்னிப்புக் கேட்பதுபோலவும் சொல்லமாட்டார். தான் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டி, “இப்பிடி எழுதியிருக்கிறன், சரிதானே?” என்று கேட்பார். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். எங்கள் ஆட்களின் வீடென்றால் வரி வரியாகத் தமிழில் சொல்வார். நாங்கள் ஓம் என்று சொன்ன பிறகுதான் பேனையை மூடுவார்.

அவர் ஏன் கண்ணை மூடுகிறார் என்பதற்கு ஊருக்குள் இரண்டு மூன்று கதை இருந்தது. அவருடைய சகோதரம் ஒன்று தீயில் போனதாகச் சிலர் சொன்னார்கள். விசர், பைத்தியம் என்று சிலர் சொன்னார்கள். வெகுகாலம் கழித்து நான் ஒருமுறை நேரே கேட்டேன். பயிற்சியின்போது தீயணைப்புக்காரர் ஒருவர் முகத்தைத் துணியால் கட்டித் தங்களை ஒரு வீட்டுக்குள் விட்டதாகவும், தனக்கு மட்டும் வாசல் பிடிபடவில்லை என்றும் சொன்னார். “அவ்வளவுதான்” என்றார்.

அந்த வருடம் எங்களுக்குத் தெரிந்த ஒருவரின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு ஒரு மண்டபத்தில் நடந்தது. கவுன்சில் அக்காவும் வந்திருந்தார். பச்சைப் பட்டுச்சேலையில் அவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. சாப்பாடு தொடங்கும் நேரம், மண்டபத்தின் பின்பக்க அவசரக் கதவை மறைத்து அடுக்கியிருந்த கதிரைகளை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபக்கம் வைத்துக்கொண்டிருந்தார். அன்பளிப்பு மேசையும் அங்கேதான் இருந்தது. பிள்ளையின் தகப்பன் ஓடிவந்து, விடுங்கோ அக்கா, பிறகு பாப்பம் என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கதிரையைத் தூக்கினார். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. சபைக்கு நடுவில் அப்படிச் செய்வது வீட்டாரை அவமதிப்பதுபோல எல்லோருக்கும் பட்டது. கடைசியில் என் மனைவிதான் எழும்பிப் போனாள். இருவருமாக மேசையைத் தூக்கி வைத்த பிறகு அவர், “வாங்கோ தங்கச்சி, இனிச் சாப்பிடுவம்” என்றாராம். வேலைக்கு வந்த இடத்தில் யாரையும் அவர் தங்கச்சி, தம்பி என்று கூப்பிட்டதில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நான் மனைவியை ஏசினேன். எங்கள் வீட்டு லைசென்ஸ் கடிதம் அப்போது என் கையில் இருந்தது. அந்தக் கோபம் எனக்கு.

கடிதம் நியாயமான கடிதம்தான். லைசென்ஸ் தந்திருந்தார்கள். சின்ன அறையில் இனி யாரும் படுக்கக்கூடாது, ஆனால் இருப்பவர் வேறு இடம் தேட ஆறு மாதம் அவகாசம் என்று எழுதியிருந்தது. நான் ஆறு மாதம் பொறுக்கவில்லை. எங்கேயாவது பிழை நேர்ந்தால் தண்டம் வரும் என்ற பயம் ஒருபக்கம், ஒரு பெண் என் வீட்டுக்குள் வந்து அளந்துவிட்டுப் போனாள் என்ற ரோசம் மறுபக்கம். சிவநேசனைக் கூப்பிட்டு, ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், அறையைக் காலிபண்ணச் சொல்லிக் கவுன்சில்காரி சொல்லிப்போட்டா, என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது என்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கவுன்சில் என்றால் அவனுக்குப் பயம். பொலிஸ், கவுன்சில், குடிவரவு எல்லாம் அவனுக்கு ஒரே வீட்டுச் சொந்தம்.

போக இடமில்லை என்றபோது நானே ஒரு இடம் காட்டினேன். என் மனைவியின் தமையன், எனக்கு மச்சான், பக்கத்துப் பகுதியில் இருக்கிறார். அவருடைய வீட்டுப் பின்வளவில் செங்கல்லால் கட்டிய ஒரு சாமான் அறை இருந்தது. உள்ளே கட்டில் போட்டு, மின்சாரம் இழுத்து, யாராவது வந்தால் விடலாம் என்று வைத்திருந்தார். அதற்கு லைசென்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

குளிர் தொடங்கிய பிறகு கவுன்சில் அக்கா திரும்பவும் எங்கள் வீட்டைப் பார்க்க வந்தார். புதுப் பூட்டைத் திருகிப் பார்த்தார். சின்ன அறையில் இப்போது துணி மினுக்கும் பலகை மட்டும் இருந்தது. அவர் அதைப் பார்த்துத் திருப்திப்படுவார் என்று நினைத்தேன். அவரோ வாசலில் நின்றபடி, இஞ்சை இருந்தவர் எங்கை போனவர் என்று கேட்டார். நல்ல அறையொன்று கிடைத்துப் போய்விட்டான் என்றேன். முகவரி கேட்டார். தெரியாது என்றேன். எழுதினார். வழக்கம்போல வாசித்தார்.

“‘முன்பு இருந்தவர் எங்கே போனார் என்று தனக்குத் தெரியாது என வீட்டுக்காரர் சொன்னார்.’ சரிதானே?”

“ஓம். சரி.”

அவர் பேனையை மூடினார். என்னைச் சந்தேகமாகப் பார்த்தார் என்று சொல்லமாட்டேன். சாதாரணமாகத்தான் பார்த்தார். ஆனாலும் பொய்யை நான் மட்டும் சொல்லியிருந்தால் அது காற்றோடு போயிருக்கும். அவருடைய வாயால் அதைக் கேட்டு ஓம் என்று சொன்னதுதான் எனக்குள் தங்கிவிட்டது.

இரண்டு மூன்று கிழமை கழித்து ஒரு விடியற்காலை, சிவநேசன் என்னுடைய பஸ்ஸில் ஏறினான். முகம் வெளிறியிருந்தது. அண்ணை, சுகமோ என்று கேட்டான். அவனிடம் மனத்தாங்கல் ஒன்றும் தெரியவில்லை. எப்படி இருக்கிறாய் என்றேன். கொஞ்ச நாளாக எழும்பும்போதே தலையிடி, குசினிப் புகைதான் காரணம்போல என்றான். மூன்று தரிப்புத் தாண்டியதும், தன் இடம் வருமுன்னே மணியடித்து இறங்கி, விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பின்னால் வாகனங்கள் நின்றன. பஸ்ஸில் ஆட்கள் இருந்தார்கள். நான் கதவை மூடிவிட்டு ஓட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியில் அவன் இன்னும் குனிந்தபடி நிற்பது தெரிந்தது.

அந்த ஷிப்ட் முடிந்ததும் அவருக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மச்சானின் வளவு, சாமான் அறை, ஒரு கிழமை என்று நான் சொன்ன பொய், எல்லாம். அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், ஹீட்டர் என்ன ஹீட்டர் என்று மட்டும் கேட்டார். காஸ் சிலிண்டர் வைக்கிறது என்றேன். அவனை இப்போதே வெளியே வந்து நிற்கச் சொல்லுங்கள் என்றார். அழைத்தேன், அவன் எடுக்கவில்லை. அப்படியென்றால் உடனே அங்கே வாருங்கள், நானும் வருகிறேன் என்றார். மற்றவர் வளவுக்குள் தான் நினைத்தபடி நுழைய முடியாதாம், ஆனால் குடியிருப்பவன் கூப்பிட்டால் வரலாமாம்.

பக்கவாட்டுப் படலையில் நானும் அவரும் நின்று தட்டினோம். வெகுநேரம் கழித்துச் சிவநேசன் வந்து திறந்தான். நித்திரையால் எழும்பி வந்தவன், காலில் ஒன்றுமில்லை. அவரைக் கண்டதும் படலையைப் பாதி மூடிப் பிடித்துக்கொண்டான்.

“நீங்கள்தானே என்னை ஒரு கிழமையிலை எழுப்பச் சொன்னது. இப்ப இஞ்சையிருந்தும் எழுப்ப வந்திட்டியளோ?”

அவர் மறுக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். ஒரு சொல்லும் சொல்லாமல் நின்றார். குற்றம் சாட்டுகிற பார்வையும் இல்லை அது. நாடாவின் ஒரு முனையைத் தந்துவிட்டு நான் பிடிப்பதற்காகக் காத்து நிற்பவர்போலத்தான் நின்றார்.

“அவ சொல்லேல்லை, சிவநேசன்” என்றேன். “அவ ஆறு மாதம் தந்தவ. ஒரு கிழமை எண்டு சொன்னது நான்.”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு படலையை விட்டான். வாங்கோ என்றது எங்களில் யாரை என்று தெரியவில்லை.

சாமான் அறையின் கதவைத் திறந்து அவர் இரண்டு அடிதான் வைத்தார். பையின் வாரில் கொழுவியிருந்த, மணமில்லாத நச்சுவாயுவைக் கண்டுபிடிக்கும் சிறிய கருவி கத்தத் தொடங்கியது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிலிண்டரைத் திருகி மூடினார், கதவை அகலத் தள்ளினார், வெளியே வந்தார். குளிருக்காக ஒரே காற்றுத்துளையையும் சிவநேசன் போர்வைத் துண்டால் அடைத்திருந்தான். சப்பாத்தை எடுக்க உள்ளே போகப் பார்த்தவனைக் கையில் பிடித்து இழுத்துத் தெருவரை கொண்டுவந்தார். என்னை அம்புலன்ஸுக்கு அடிக்கச் சொன்னார். குரல் உயரவில்லை. ஆனால் அவன் கையை அம்புலன்ஸ் வரும்வரை விடவுமில்லை.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் ஒன்றிரண்டு இரவு போயிருந்தால் எழும்பியிருக்க மாட்டான் என்று டொக்டர் சொன்னார்.

மச்சானின் சாமான் அறையில் யாரும் தங்கக்கூடாது என்று அன்றைக்கே உத்தரவு ஒட்டினார்கள். பிறகு வழக்கு, தண்டம். மனைவியின் வீட்டார் எங்களோடு கதைப்பதை நிறுத்தினார்கள். இன்றுவரை கதைப்பதில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதற்கு முன் அவர் தன் அறிக்கையை எனக்கு வாசித்துக் காட்டினார். முகவரி தெரியாது என்று முன்பு சொன்னது பொய் என வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருந்தார். பொய் என்பதைத் தவறு என்று மாற்ற ஏலாதோ என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். தவறு வேறை, பொய் வேறை என்றார். பிறகு அடுத்த வரியை வாசித்தார்.

“‘அவர் தானாகவே தொலைபேசியில் அழைத்து உண்மையைச் சொன்னார்.’ இதுவும் சரிதானே?”

தலையை ஆட்டினேன். அது போதாது என்று, நான் வாயால் ஓம் என்று சொல்லும்வரை காத்திருந்தார்.

சிவநேசன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் மத்தியான இடைவேளையில் போய்ப் பார்த்தார். ஒரு கடைப் பையில் அவனுடைய சப்பாத்துகளைக் கொண்டுவந்தார். நானும் மனைவியும் அங்கே இருந்தோம். அவன் அவரிடம், அன்று படலையடியில் ஏன் பேசாமல் நின்றீர்கள் என்று கேட்டான்.

“நான் சொல்லியிருந்தால் நீங்கள் நம்பியிருக்க மாட்டியள்” என்றார். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “மற்றது, ஆறு மாதம் எண்ட கடிதத்தை நான் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் அனுப்பினனான். அறையிலை இருந்தது நீங்கள். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அது என்ரை பிழை.”

விதிப்படி அது பிழையே இல்லை. கடிதம் லைசென்ஸ்காரருக்குத்தான் போகவேண்டும். ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்குப் போனாலும், வேலை முடிந்தபின் திரும்ப மாடி ஏறி, ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டி, உள்ளே இருப்பவரிடம் அவருக்கு எத்தனை நாள் இருக்கிறது, யாரிடம் முறையிடலாம் என்று வாயால் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. மேலிடத்தில் முறையிட்டார்கள். அவர் நிறுத்தவில்லை என்றுதான் கேள்விப்பட்டேன்.

சிவநேசன் நான்கு மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தான். மனைவி அவனுக்கு ஒன்றுக்கும் குறைவைக்கவில்லை. என்னோடும் அவன் முன்போலவே கதைத்தான். எனக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடம். பிறகு கிங்ஸ்பரிப் பக்கம் வேலை கிடைத்துப் போனான். அங்கே கலியாணம் முடித்து ஒரு சின்ன பிளாட்டில் இருந்தான். நல்லநாள் பெருநாளுக்கு வரச்சொல்லிப் போன் எடுப்பான். ஷிப்ட் என்பேன். மனைவி மட்டும் போய்வருவாள். இப்படியே மூன்று வருடம் போயிற்று.

அவரை நான் கடைசியாகக் கண்டது என் பஸ்ஸில். தரிப்பிடத்தில் புறப்படும் நேரத்துக்காக நின்றிருந்தேன். வேறு கவுன்சிலுக்கு மாறிப்போகிறார், வீடும் மாறப்போகிறார் என்றார். தலைமயிர் நன்றாக நரைத்திருந்தது. சிவநேசனைப் பற்றிக் கேட்டார். பிளாட் எடுத்திருக்கிறான், பிள்ளையும் பிறந்திருக்கிறது என்றேன்.

“சன்னல் திறபடுமோ?”

“தெரியாது அக்கா. நான் இன்னும் போய்ப் பாக்கேல்லை.”

அவர் கார்டைத் தட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “போய்ப் பாருங்கோ” என்றார். பிறகு போய்ப் பின் இருக்கையில் அமர்ந்தார். எந்தத் தரிப்பில் இறங்கினார் என்று நான் கவனிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு நானும் கிங்ஸ்பரிக்குப் போனேன். மணியை அழுத்திவிட்டு, என்ன சொல்லி உள்ளே போவது என்று யோசித்தபடி நின்றேன். இடுப்பில் பிள்ளையோடு சிவநேசன்தான் கதவைத் திறந்தான். என்னைக் கண்டதும் பிள்ளையை மறுபக்கம் மாற்றிக்கொண்டான். பிறகு ஒதுங்கி வழிவிட்டான்.

“வாங்கோ அண்ணை” என்றான். “இப்பதான் வழி தெரிஞ்சதோ?”